டப்ளின் வழியாக பாஸ்டன்: போகும்போது இணைப்பு, திரும்பும்போது படுக்கை

அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போக டிக்கெட் எடுப்பவர்களில் பலர், எந்த வகுப்பில் போவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, எந்த ஊரில் விமானம் மாறுவது என்பதை இணையதளம் காட்டும் விலை வரிசையின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். போகவும் வரவும் ஒரே வழி, ஒரே வகுப்பு என்பதும் யாரும் கேள்வி கேட்காத வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தக் கடலின் மேல் போகும் பயணமும் திரும்பும் பயணமும் ஒன்றல்ல. ஐரோப்பாவிலிருந்து மேற்கே போவது பெரும்பாலும் பகல் பயணம். அங்கிருந்து திரும்புவது பெரும்பாலும் இரவுப் பயணம். ஆகவே போகும்போது நல்ல இணைப்புக்கும், திரும்பும்போது நல்ல இருக்கைக்கும் பணத்தைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கணக்கில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து டப்ளின் வழியாக பாஸ்டனுக்கு அயர்லாந்து விமான நிறுவனமான ஏர் லிங்கஸில் எகானமியில் போய், அதே வழியில் பிசினஸ் வகுப்பில் திரும்பிய பயணத்தைப் பற்றியது இந்த மதிப்புரை.

டப்ளினைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம், அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்பதே. ப்ரீகிளியரன்ஸ் எனப்படும் இந்த வசதி ஐரோப்பாவில் அயர்லாந்தில் மட்டுமே, டப்ளின், ஷானன் ஆகிய இரண்டு விமான நிலையங்களில் மட்டுமே உள்ளது. ஷானனில் சுங்கச் சோதனையும் சேர்ந்த முழு வசதி 2009-இல் வந்தது; டப்ளினில் 2011-இல். லண்டன் சிட்டி நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு 32 பிசினஸ் இருக்கைகளே கொண்ட சிறிய ஏர்பஸ் ஏ318 ஒன்றை பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009 முதல் 2020 வரை இயக்கியது. அந்நிலையத்தின் குறுகிய ஓடுபாதையிலிருந்து முழு எரிபொருளுடன் எழும்ப முடியாததால் போகும் வழியில் அது ஷானனில் இறங்கும். எரிபொருள் நிரப்பும் நேரத்துக்குள் பயணிகள் அமெரிக்கச் சோதனையையும் முடித்துவிடுவார்கள். கட்டாயத்துக்காக இறங்கிய இடத்தையே வசதியாக மாற்றிக்கொண்ட அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. டப்ளினில் சாதாரணப் பயணிக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதுவேதான்.

நடைமுறை இப்படி இருக்கிறது. பர்மிங்காமிலிருந்து வரும் சிறு விமானத்தை விட்டு இறங்கி, இரண்டாம் முனையத்தில் இணைப்புப் பயணிகளுக்கான பாதையைப் பிடித்து, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, அமெரிக்கப் பகுதிக்குள் நுழைய வேண்டும். அங்கே அதிகாரியின் முன் நிற்பதற்குள், நாம் புறப்பட்ட ஊரில் போட்ட பெட்டி டப்ளினுக்கு வந்து கணினியில் பதிவாகியிருக்க வேண்டும். பெட்டியின் படம் திரையில் தோன்றும்; அது நம்முடையதுதானா என்று கேட்பார்கள். கைப்பிடியில் கட்டிய சிவப்பு நாடாவோடு, ஓரத்தில் கிழிந்த பழைய ஒட்டுத்தாளோடு, நம் பெட்டியை அந்தத் திரையில் பார்ப்பது சற்று வேடிக்கையாகவே இருக்கும். உள்ளே உணவுப் பொருள் உண்டா என்ற கேள்வியும் இங்கேயே வந்துவிடும். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது கறிவேப்பிலை: எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சியைச் சுமக்கக்கூடும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகத் தடை உள்ளது. ஊறுகாய்க்குப் பொதுவாகச் சிக்கலில்லை. எதுவானாலும் கேட்டவுடன் சொல்லிவிடுவது நல்லது; சொன்னால் பொருள் மட்டும் போகும், மறைத்தால் அபராதமும் சேரும்.

இத்தனையும் முடிந்தால் கிடைக்கும் பலன், பாஸ்டனில் இறங்கும்போது நாம் உள்நாட்டுப் பயணிகளாகிவிடுகிறோம் என்பதே. அமெரிக்காவில் வெளிநாட்டு இணைப்புப் பயணிகளுக்கென்று தனிப் பகுதி கிடையாது. முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் பெட்டியைப் போட்டு, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நின்றாக வேண்டும் என்பதே பொது விதி. அந்த முதல் ஊரின் வரிசை அன்று அரை மணியா இரண்டு மணியா என்பது தெரியாமல் அடுத்த விமானத்துக்கு நேரம் குறிப்பது சூதாட்டத்துக்குச் சமம். டப்ளின் வழியில் அந்தத் தெரியாத பகுதி பெருங்கடலுக்கு இந்தப் பக்கமே தீர்ந்துவிடுகிறது. பாஸ்டன் லோகனில் ஏர் லிங்கஸ் வந்து சேரும் சி முனையத்திலேயே அதன் கூட்டாளியான ஜெட்புளூவின் விமானங்களும் நிற்பதால், அங்கிருந்து வேறு நகரத்துக்குப் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பு லாபம். வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்: நீண்ட பயணத்தின் களைப்போடு அவர்களை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

குறை இல்லாமலில்லை. அமெரிக்க விமானங்கள் பலவும் காலைப் பிற்பகுதியிலும் நண்பகலை ஒட்டியும் அடுத்தடுத்துப் புறப்படுவதால், அந்த நேரத்தில் ப்ரீகிளியரன்ஸ் வரிசை நீளும். ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் இணைப்புகளும் விற்பனைக்கு வரும். ஒரே டிக்கெட் என்பதால் தவறவிட்டால் மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்புதான். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இணைப்பை நான் எடுக்க மாட்டேன். அதே சமயம், நேரம் மிச்சமிருக்கிறதே என்று முனையத்தின் முதன்மைக் கடைப்பகுதியில் நிதானமாக உட்கார்ந்துவிடவும் கூடாது. சோதனையை முதலில் முடித்துவிட்டு மறுபக்கம் போய் உட்காருவதே புத்திசாலித்தனம். மறுபக்கத்தில் கடைகளும் உணவிடங்களும் குறைவுதான். '51ஸ்ட் அண்ட் கிரீன்' என்ற லவுஞ்ச் ஒன்று உண்டு.

பர்மிங்காமிலிருந்து டப்ளின் வரை எமரால்டு ஏர்லைன்ஸ் இயக்கும் ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். பயண நேரம் சுமார் ஒரு மணி என்பதால் வசதியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தலைக்கு மேலுள்ள பெட்டகம் சிறியது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சக்கரம் வைத்த கைப்பெட்டியைப் படிக்கட்டின் அடியிலேயே வாங்கிக்கொள்ளக்கூடும் என்பதால், மருந்து, கடவுச்சீட்டு, மின்னூட்டி ஆகியவற்றைத் தோள்பையில் வைத்துக்கொள்வது உசிதம்.

டப்ளினிலிருந்து பாஸ்டன் வரை ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். முழுவதும் பகல் வெளிச்சத்தில் போகும் பயணம். இந்தத் திசையில் எகானமி போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏ330 விமானத்தில் எகானமி இருக்கைகள் இரண்டு, நான்கு, இரண்டு என்று அமைந்திருப்பதால், இருவராகப் போகிறவர்களுக்கு ஜன்னலோர இரட்டை இருக்கை கிடைத்தால் மூன்றாமவர் தொந்தரவு இல்லை. ஏ321நியோ எல்ஆர் என்றால் மூன்று மூன்றாக, நடுவில் ஒரே நடைபாதை. இரண்டில் எது வரும் என்பதை முன்பதிவின்போதே பார்க்கலாம். நான் ஏ330-ஐயே தேடி எடுப்பேன். மிகக் குறைந்த கட்டணத்தில் பெட்டி சேராது என்பதையும், சைவ உணவை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும் என்பதையும் கட்டணத்தை ஒப்பிடும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரீமியம் எகானமி என்ற நடு வகுப்பு ஏர் லிங்கஸில் இல்லை. இதைப் பெரிய குறையாகச் சொல்பவர்கள் உண்டு. லண்டன் ஹீத்ரோ வழியாகப் போனால் பிரிட்டிஷ் ஏர்வேஸில் அந்த வகுப்பு கிடைக்கும். இருக்கை வரிசைகளுக்கு இடையே எகானமியின் 31 அங்குல இடைவெளிக்குப் பதில் 38 அங்குலம். நெடிய உருவம் உள்ளவர்களுக்கு அந்த ஏழு அங்குலம் பகல் பயணத்தில் பெரிய நிம்மதிதான். ஆனால் இரவில் அது உறங்கத் தருவதில்லை. சாய்வு கூடிய நாற்காலி எப்படியும் நாற்காலிதான். அதோடு பிரிட்டனில் புறப்படும் பயணிகளிடம் வாங்கும் விமானப் பயணி வரியும் இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரை அடங்கும் தொலைவுப் பிரிவுக்கு 2026 ஏப்ரல் முதல் மிகக் கீழ் வகுப்புக்கு 102 பவுண்டு, அதற்கு மேற்பட்ட எந்த வகுப்புக்கும் 244 பவுண்டு. பிரீமியம் எகானமிக்காரரும் படுக்கை வகுப்புக்காரரும் ஒரே வரி கட்டுகிறார்கள். இது எந்த ஊர் நியாயம் என்பது வேறு விஷயம்.

நான் சொல்லும் முறைக்கு இந்த வரி துணை நிற்கிறது. பிரிட்டனை விட்டுப் புறப்படும்போது மட்டுமே அது விதிக்கப்படுகிறது. திரும்பி வரும்போது இல்லை. ஆகவே எகானமியில் போய் பிசினஸில் திரும்புபவர் குறைந்த வரியையே கட்டுகிறார். பர்மிங்காமில் தொடங்கி டப்ளினில் மாறும் ஒரே டிக்கெட் என்றால் அமெரிக்கா வரைக்குமான வரி உண்டு. டப்ளினில் இருந்தே தொடங்கினால் இல்லை, ஏனெனில் அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014-இல் நீக்கிவிட்டது. இதை மிச்சப்படுத்த, டப்ளின் வரை தனி டிக்கெட் எடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது என்பதால், முந்தைய நாளே போய்த் தங்க முடிந்தவர்களுக்குத்தான் அது சரிப்படும். பெல்ஃபாஸ்ட்வாசிகள் கதை வேறு. அவர்கள் பேருந்தில் ஏறினால் டப்ளின் விமான நிலையத்துக்கே வந்துவிடலாம்.

ஒரே டிக்கெட்டின் இன்னொரு பயன் தாமத இழப்பீடு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த காரணத்தால் இறுதி ஊருக்கு நான்கு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், பிரிட்டனில் புறப்பட்ட இத்தகைய நெடும்பயணத்துக்கு 520 பவுண்டு கேட்கலாம். திரும்பும் வழியிலும், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனத்தில் வந்தால் இத்தகைய இழப்பீட்டு விதி பொருந்தும். அமெரிக்க நிறுவனத்தில் அங்கிருந்து புறப்பட்டு வந்தால் பொருந்தாது. விலை சமமாக இருக்கும்போது இதுவும் ஒரு தராசுக்கல்.

இனி திரும்பும் பயணம். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயரக் காற்றோட்டம் பின்னால் தள்ளுவதால் பாஸ்டனிலிருந்து டப்ளின் வர ஏறத்தாழ ஆறு மணி நேரமே ஆகிறது. அதில் மேலேறும் நேரம், உணவு பரிமாறும் நேரம், இறங்குவதற்கு முந்தைய சலசலப்பு எல்லாம் போக, உறங்கக் கிடைப்பது நான்கு மணி நேரம். நாலு மணி நேரத் தூக்கத்துக்கா இவ்வளவு பணம் என்று கேட்கலாம்; கேட்க வேண்டிய கேள்விதான். என் விடை, விமானத்துக்குள் சாப்பிடாமல் இருக்க முடிந்தால் கொடுக்கலாம் என்பதே. நிலையத்திலேயே இரவு உணவை முடித்துவிட்டு, ஏறியதும் பணிப்பெண்ணிடம் எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, இருக்கை வார் தெரியும்படி போர்வைக்கு மேலே கட்டிக்கொண்டு படுத்தால், நான்கு மணி ஐந்தாகிறது. பரிமாறும் மூன்று சுற்றையும் ருசித்துச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு இந்தத் தடத்தில் பிசினஸ் வகுப்பு நஷ்டக் கணக்கு.

இருக்கை முழுவதும் மட்டமாகப் படுக்கிறது. கதவு வைத்த அறை அல்ல. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2019-இல் கொண்டுவந்த, கதவுள்ள கிளப் சூட் இருக்கையில் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் திறந்தவெளியாகத் தோன்றும். ஏ321நியோ எல்ஆரில் 16 பிசினஸ் இருக்கைகள்: ஒரு வரிசையில் பக்கத்துக்கு இரண்டு, அடுத்ததில் பக்கத்துக்கு ஒன்று என்று மாறி மாறி வருகின்றன. அந்த ஒற்றை இருக்கைகள் நான்குதான். இரு கைப்பக்கமும் பலகை, நேராக நடைபாதைக்கு வழி, யாரையும் தாண்ட வேண்டியதில்லை. தனியாகப் பயணம் செய்பவர்கள் முதலில் குறிவைக்க வேண்டியது இவற்றைத்தான். இரட்டையில் ஜன்னலோரம் கிடைத்தால், நடு இரவில் எழ நினைப்பவர் பக்கத்தில் படுத்திருப்பவரின் கால்களைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அறிமுகமில்லாதவர் என்றால் சங்கடம். எல்லாருக்கும் பொதுவான ஒரு குறுகல், கால் நீட்டும் பொந்து. முன் இருக்கையின் பக்கவாட்டுப் பலகைக்கு அடியில் பாதம் நுழைகிறது. புரண்டு படுக்கும்போது முழங்கால் இடிக்கும்.

படுக்கைக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து காலையில் புறப்பட்டு அன்றிரவே ஹீத்ரோவில் இறங்கும் பகல் விமானங்கள் உண்டு. எகானமியில் வந்தாலும் ஒரு பகல் போகுமே தவிர இரவுத் தூக்கம் போகாது. மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே நல்லது. பர்மிங்காம்காரர்களுக்கு ஹீத்ரோவில் இரவு இறங்கியபின் வீடு போய்ச் சேரும் சிரமம் மட்டும் எஞ்சும்.

கலிபோர்னியாவிலிருந்து திரும்புகிறவர்கள் இந்தக் கணக்கையே மாற்றிப் போட வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து டப்ளின் சுமார் பத்து மணி நேரம். சாப்பாடும் உண்டு, ஏழு மணித் தூக்கமும் உண்டு. அந்தத் தூரத்தில் பிசினஸ் வகுப்பின் ஒவ்வொரு பவுண்டும் படுக்கையாகவே திரும்பி வருகிறது. லண்டனில் இருந்துகொண்டு பாஸ்டனோ நியூயார்க்கோ மட்டும் போய் வருகிறவர்கள் டப்ளினில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. நேரடி விமானங்கள் நாள் முழுவதும் இருக்கின்றன. லண்டனுக்கு வெளியே இருப்பவர்கள், அமெரிக்காவில் இன்னொரு விமானம் மாற வேண்டியவர்கள், முதியவர்களோடு போகிறவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் டப்ளினைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.