வீட்டுக் காப்பீடும் விடுபட்டுப்போன தடுப்புச் சுவரும்

கோத்தகிரியில் வீடு கட்டி முடித்திருக்கும் என் மைத்துனர், "மாமா, வீட்டுக்கு எவ்வளவு தொகைக்குக் காப்பீடு எடுத்தால் போதும்?" என்று சென்ற வாரம் கேட்டார். குன்னூருக்குக் கீழே உள்ள எங்கள் வீட்டுக்கு நான்கு ஆண்டுகளாகப் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி, அதாவது பல நிறுவனங்களும் ஒரே மாதிரி விதிகளோடு விற்கும் வீட்டுக் காப்பீடு, இருக்கிறது. சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது கிளைம் கேட்கவும் நேர்ந்தது. அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

நிலத்தின் விலையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் வருவதே காப்பீட்டுத் தொகை. மணலும் செங்கல்லும் சமவெளியிலிருந்து லாரியில் மேலேற வேண்டியிருப்பதால், கோயம்புத்தூர் விலையைப் போட்டால் குறைந்துவிடும். வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியல் கொடுக்காமலே பாதுகாப்பு உண்டு. நில நடுக்கம், புயல், மண்சரிவு, காட்டுத்தீ எல்லாம் அடிப்படைப் பாலிசியிலேயே அடங்கும். திருட்டுக்கு மட்டும், மேற்சொன்னவை போன்ற விபத்து நேர்ந்து 7 நாள்களுக்குள் நடந்தால்தான் பணம் கிடைக்கும்.

இனி என் மனக்குறை. நவம்பரில் ஒரு நள்ளிரவில், வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நின்ற கருங்கல் தடுப்புச் சுவர் ஈர மண்ணோடு சரிந்து சமையலறைமேல் விழுந்தது. சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் மூன்றாம் நாளே வந்தார், பொறுமையாக அளந்தார். சமையலறைச் சுவருக்கும், நசுங்கிய குளிர்பதனப் பெட்டிக்கும், மண்ணை அள்ளிய கூலிக்கும் ஐந்து வாரங்களுக்குள் பணம் வந்தது. தடுப்புச் சுவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. இந்தப் பாலிசியின் விளக்கப்படி தடுப்புச் சுவரும் வீட்டின் பகுதிதான். ஆனால் அதன் மதிப்பைக் கூடுதல் கட்டுமானம் என்று, பாலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் தனியே காட்ட வேண்டும். என் படிவத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. படிவத்தை நிரப்பியவர் கேட்கவில்லை, நானும் படிக்காமல் கையெழுத்திட்டேன். 2009 நவம்பரில் இந்த வட்டாரத்து மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதைக் கண்ட எனக்கே அது தோன்றவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் மலையில் பாலிசி விற்பவர் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சுவரைப் பற்றித்தான். சமையலறையைச் சரிசெய்ய ஒன்றரை லட்சம் ஆனது, சுவரை மீண்டும் கட்ட நான்கு லட்சம்.

மைத்துனருக்கு இன்னொன்றும் சொன்னேன். சரிவை வெட்டி, அந்த மண்ணையே கொட்டி நிரப்பிய மேடையில் வீடு நின்றால், அந்த மேடை தானாக இறங்குவதால் விழும் விரிசல்களுக்கு இழப்பீடு கிடையாது. மண்சரிவால் வந்த சேதத்துக்கு உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது உரிமையாளரின் பொறுப்பாகிவிடுகிறது. ஆகவே மழைக்கு முன்பே சுவர், தரை, அடித்தளம் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைக்கச் சொன்னேன்.

பாலிசி நல்லது, இழப்பீடும் நேர்மையாகவே வந்தது. அப்படியிருந்தும், புதுப்பிக்கும் தேதி வந்தபோது அதே நிறுவனத்திடம் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே பாலிசியை வேறொரு நிறுவனத்தில் எடுத்தேன். இம்முறை புதுச் சுவரை நானே நாடா பிடித்து அளந்து, 32 அடி நீளம், 9 அடி உயரம் என்று என் கையாலேயே படிவத்தில் எழுதினேன்.