எட்டாயிரமா, இரண்டாயிரத்து ஐந்நூறா? சுங்கை சிப்புட்டில் ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் மாற்றிய அனுபவம்

என் மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று மலேசியாவின் ஈப்போவில் கம்பெனி சர்வீஸ் சென்டர் அச்சடித்துக் கொடுத்த விலைப்பட்டியல்: 8,388 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு. மற்றது சுங்கை சிப்புட் வொர்க்‌ஷாப் அண்ணன் ரசீதுப் புத்தகத்தில் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்தது: 2,555 வெள்ளி. ஒரே கார், அதே முன் பிரேக், ஒரு வார இடைவெளி.

நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். குலை ஏற்றி வரும் லோரியின் எடைச்சீட்டையும் உரக்கடை பில்லையும் வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பதினாறு வருட வேலை. இந்த இரண்டு தாள்களையும் அப்படித்தான் படித்தேன்.

கார், என் கூடப்பிறந்த அண்ணன் சிங்கப்பூர் வேலைக்குப் போனபோது எனக்குத் தவணையில் கொடுத்துவிட்டுப் போனது. ஜப்பானில் ஓடிப் பிறகு இறக்குமதியான ரீகான், இரண்டு கதவு, பின் சக்கர ஓட்டம். முன்னால் 355 மில்லிமீட்டர் டிஸ்க். பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிப்பது காலிப்பர், ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன். கார் கம்பெனியின் பெயரை எழுதினால் எந்த சர்வீஸ் சென்டர் என்று ஈப்போவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் எழுதவில்லை. வொர்க்‌ஷாப் அண்ணனும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கிற வண்டிகளைப் பார்க்கவே அவருக்கு ஆள் போதவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தது என் அப்பா. தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது 71. எந்த வண்டி வாசலுக்கு வந்து நின்றாலும் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் எதிரே புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார், தொடமாட்டார். அன்று கோலகங்சாரிலிருந்து ஹைவேயில் மெனோரா சுரங்கம் தாண்டி, ஜெலாப்பாங் பக்கம் இறங்கி, ஈப்போவில் வேலையை முடித்து வீடு திரும்பியிருந்தேன். அந்த இறக்கத்தில் பிரேக் மிதித்தபோது ஸ்டீயரிங் கையில் படபடவென்று ஆடியது, கார் இடது பக்கம் லேசாக இழுத்தது. நான் இன்னும் அதைச் சொல்லவே இல்லை. அப்பா முன் இடது சக்கரத்தருகே நின்றுவிட்டார். "இது மட்டும் கொதிக்குது. பிரேக் பிடிச்சிட்டு விடமாட்டேங்குது," என்றார்.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். முதலில் அங்கே போனதில் எனக்கு வருத்தமில்லை. சோதனைக் கட்டணம் 90 வெள்ளி. கவுன்டரில் இருந்த பெண் "காக், காக்" (அக்கா) என்று மரியாதையாகப் பேசி, மெக்கானிக் எடுத்த படங்களை டேப்லெட்டில் ஒவ்வொன்றாகக் காட்டினார். டிஸ்க்கின் கனத்தை அளந்து எழுதியிருந்தார்கள்: வலது 31.0 மில்லிமீட்டர், இடது 30.2. இதற்கு மேல் தேயக் கூடாது என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். என் டிஸ்க்கில் அது 30.5. இடது டிஸ்க் அந்த அளவைத் தாண்டித் தேய்ந்து, சூட்டில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. அப்பா கையை நீட்டிச் சொன்னதை அவர்கள் கருவி வைத்துச் சொன்னார்கள்.

விலைப்பட்டியல் இப்படி: முன் பிரேக் பேட் ஒரு செட் 1,150. டிஸ்க் இரண்டும் சேர்த்து 2,960. இடது காலிப்பர் 3,640. பிரேக் ஆயில் 120. கூலி 480, அந்தக் கூலிக்கு 8 விழுக்காடு சேவை வரி 38 வெள்ளி 40 காசு. இந்த வரி 2024 மார்ச் மாதம்தான் 6-லிருந்து 8 ஆனது. ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்குக் கீழே வேலை பார்க்கும் சின்ன வொர்க்‌ஷாப்கள் இதை வாங்க வேண்டியதில்லை. கம்பெனியில் விலை ஏறுவதற்கு வரிதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். என் தாளில் வரியின் பங்கு நாற்பது வெள்ளிகூட இல்லை.

என் கண் நின்ற வரி காலிப்பர். மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அது ஒன்றே. ஏன் முழுசாக மாற்ற வேண்டும் என்று கேட்டேன். நான்கு பிஸ்டனில் ஒன்று இறுகியிருக்கிறது, அதன் தூசு ரப்பர் கிழிந்திருக்கிறது, ஆனால் காலிப்பரைத் திறந்து வேலை பார்ப்பது தங்கள் முறையில் இல்லை, முழுசாகத்தான் மாற்றுவோம் என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னார். அது ஜப்பானிலிருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகும். மாற்றிய பொருளுக்கு ஆறு மாத உத்தரவாதம். அவர்கள் பக்கம் அது நியாயம்தான். திறந்து பார்த்த காலிப்பர் நாளைக்கு ஒழுகினால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். ஆனால் ஒரு ரப்பர் வளையத்துக்காக 3,640 வெள்ளி கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு, பழைய சாலையில் மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தேன்.

வொர்க்‌ஷாப் அண்ணன் முன்பு தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டரும் லோரியும் பார்த்த போமன், அதாவது மெக்கானிக். இப்போது தகரக் கூரை போட்ட சொந்த இடம், இரண்டு பையன்கள், வாசலில் எப்போதும் ஒரு குலை லோரி. என் காரைப் பார்த்ததும் அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. "தங்கச்சி, லோரிக்கும் இதுக்கும் பிஸ்டன் வேலை ஒண்ணுதான். இதுல எல்லாம் கொஞ்சம் நெருக்கமா இருக்கும், அவ்வளவுதான்," என்றார். நான் விலைப்பட்டியலை நீட்டினேன். அதைப் படித்துவிட்டு அவர் சொன்ன முதல் சொல்: "டிஸ்க் ரெண்டும் மாத்தணும், அவங்க சொன்னது சரி." கம்பெனி சொன்னதை எல்லாம் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து போய், பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். காலிப்பரைக் கழற்றி மேசையில் வைத்தார். கிழிந்த ரப்பருக்குள் தோட்டத்துச் செம்மண் தூசி மழைத் தண்ணீரில் ஊறிக் களிமண்ணாகி, பிஸ்டனின் வாயைச் சுற்றித் துரு கட்டியிருந்தது. மரக்கட்டை ஒன்றை நடுவில் வைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பிஸ்டன்களை வெளியே தள்ளினார். மூன்று வழுக்கிக்கொண்டு வந்தன. நான்காவது வர மறுத்தது. அதைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் தடவினார். "துரு வெளி விளிம்புல மட்டும்தான். ரப்பர் உட்கார்ற இடம் சுத்தமா இருக்கு. இங்க ஒரு குழி இருந்திருந்தா பிஸ்டனையே மாத்தச் சொல்லியிருப்பேன்," என்று அந்த இடத்தை எனக்கும் காட்டினார்.

மேசையில் இரண்டு கிரீஸ் டின்கள் இருந்தன. ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைத் திறந்தார். சாதாரண கிரீஸ் பெட்ரோலிய வகை. அது பட்டால் பிரேக் ரப்பர் ஊறி உப்பிவிடும், சில மாதத்தில் பிஸ்டன் மறுபடியும் இறுகும். ரப்பருக்கென்றே தனியாக கிரீஸ் உண்டு. இதையெல்லாம் அவர் தம் பையனுக்குத்தான் சொல்லிக் கொடுத்தார், நான் ஒட்டுக் கேட்டுக்கொண்டேன். காலிப்பருக்கான புது ரப்பர்கள் அடங்கிய சீல் கிட் 165 வெள்ளி. 3,640 வெள்ளி வரிக்குப் பதிலாக அவர் ரசீதில் இருப்பது இந்த 165-ம், கூலியில் ஒரு பங்கும்தான்.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். டிஸ்க் வளைந்ததால்தான் ஸ்டீயரிங் ஆடுகிறது என்று நானும் எல்லோரையும் போல நினைத்திருந்தேன். பெரும்பாலும் வளைவது கிடையாதாம். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு படிந்தால் டிஸ்க் ஒரு மயிரிழை சாய்வாக உட்காரும், ஓட ஓட ஒரு பக்கம் மட்டும் தேயும், அதுதான் கையில் ஆட்டமாக வருகிறது. அந்தத் துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க்கைப் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய ஆட்டம் திரும்பிவிடும். கம்பி பிரஷ்ஷால் ஹப்பை வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, டிஸ்க்கை மாட்டி, முள் வைத்த அளவுமானியை அதன் மேல் ஊன்றிக் கையால் சுற்றினார். முள் அசைந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் அசைந்தது.

பேட் 620, டிஸ்க் இரண்டும் 1,380. இரண்டும் ஈப்போ ஸ்பேர் பார்ட் கடை வேனில் அன்று மதியமே வந்தன. பெட்டியில் கார் கம்பெனியின் பெயர் இல்லை, பிரேக் செய்யும் கம்பெனியின் பெயர் மட்டும். பழைய பேட்டின் பின்தகட்டில் இருந்ததும் அதே பெயர்தான். ஓரத்தில் அடித்திருந்த குறியும் அதே 'எஃப்எஃப்'. முதல் எழுத்து சாதாரண சூட்டில் பிடிப்பு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பின் பிடிப்பு. எஃப் என்றால் உராய்வு 0.35-க்கும் 0.45-க்கும் இடையில். குறி ஒன்றாக இருந்தால் தரமும் ஒன்று என்று ஆகிவிடாது. ஆனாலும் முற்றிலும் வேறு சரக்கு வந்துவிடவில்லை என்று ஒரு நிம்மதி. போலிப் பேட்டுகள் சந்தையில் சுற்றுகின்றன, அதனால் பெட்டியைப் பிரிக்கும் முன் நானே பார்த்துவிடுவேன். நீங்களும் பாருங்கள்.

பிரேக் ஆயிலைக் கண்ணாடிக் குப்பியில் இறக்கியபோது கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) மாதிரி இருந்தது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் இழுத்துக்கொண்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில், கேமரன் மலை இறக்கத்தில், அந்த வித்தியாசம் பெரியது. இரண்டு குப்பி 90 வெள்ளி. கூலி 300.

இப்போது நேருக்கு நேர் பார்ப்போம். காலிப்பர் வரியை எடுத்துவிட்டால் கம்பெனி 4,748 வெள்ளி 40 காசு, சீல் கிட்டை எடுத்துவிட்டால் அண்ணன் 2,390. ஏறக்குறைய பாதி. இந்த வித்தியாசத்திலும் கூலியின் பங்கு 180 வெள்ளிதான், வரி 38 வெள்ளி 40 காசு, மற்றதெல்லாம் பொருள் எந்தப் பெட்டியில் வருகிறது என்பதில் இருக்கிறது. கம்பெனிக்காரன் கூலியில் அடிக்கிறான் என்று ஊரில் பேசுவது என் தாள்களைப் பொறுத்தவரை சரியில்லை.

வொர்க்‌ஷாப்பில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை, நான் கேட்டு வாங்கினேன். உத்தரவாதம் வாய்ச்சொல்தான், 'மூன்று மாதம்' என்று ரசீதில் எழுதச் சொன்னதும் நான்தான். சனிக்கிழமையே முடியும் என்றார், நடுவில் லோரி ஒன்று அவசரமாக வந்துவிட்டது, திங்கள் மாலைதான் கார் கிடைத்தது. சக்கர நட்டுகளைப் பையன் காற்றுத் துப்பாக்கியாலேயே இறுக்கி முடிக்கப் பார்த்தான். ஒன்று கூட, ஒன்று குறைய இறுகினால் புது டிஸ்க்கும் கோணும் என்று அப்போதுதான் கேட்டிருந்ததால், "அண்ணே, டார்க் ரெஞ்ச் போட்டுருங்க," என்றேன். சரியான அளவுக்கு இறுக்க உதவும் அந்தச் சாவி சுவரில் தொங்கியது, உடனே எடுத்துப் போட்டார். நான் கேட்காமலே போட்டிருக்க வேண்டும். ஏர்பேக் ரீகால் (கோளாறுள்ள பாகத்துக்காகக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது) போன்ற வேலைக்கும், கம்ப்யூட்டர் மாட்டிச் செய்யும் வேலைக்கும் நான் இன்னும் கம்பெனிக்குத்தான் போவேன். ரீகான் காருக்கும் ரீகால் உண்டா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கே கேளுங்கள்.

கார் கிடைத்த வாரம், ஞாயிறு காலை ஆறரைக்கு லிந்தாங் சாலையில் பேட்டைப் பழக்கினேன். 60-லிருந்து 10 வரை இறக்கி, முழுசாக நிறுத்தாமல், பத்துத் தடவை. நான்காவது தடவையில் லேசாகக் கருகிய வாடை வந்தது. வரும் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். அப்புறம் கால் மணி நேரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன்.

நான்கு மாதம், 5,200 கிலோமீட்டர் ஆகிறது. மெனோரா இறக்கத்தில் ஸ்டீயரிங் அசைவதில்லை. அப்பா இன்னும் ஒவ்வொரு தடவையும் சுற்றி வந்து கையை நீட்டுகிறார். இடதும் வலதும் ஒரே சூடு என்கிறார். பழைய டிஸ்க்கையும் கிழிந்த ரப்பரையும் அண்ணன் அட்டைப் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார், அது பின்கட்டில் இருக்கிறது. பின் பேட்டில் இன்னும் 4 மில்லிமீட்டர் பாக்கி. ஆண்டுக் கடைசியில் மாற்றச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை விலையை எழுதி வாங்க ரசீதுப் புத்தகத்தை நானே எடுத்துப் போகிறேன்.