பாதியில் விட்ட மாஸ்டர்ஸை மறைக்கச் சொல்லி 4,800 டாலர் வாங்கிக்கொண்டார்கள்: மெடிக்கல் ஸ்கூலுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மகளுக்கு ஒரு மெடிக்கல் ஸ்கூலிலிருந்து மெயில் வந்தது. இன்டர்வியூ அழைப்பு என்று நினைத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் திறந்தாள். நான்கே வரி. "உங்களுக்காக வந்த பரிந்துரைக் கடிதம் ஒன்றில், நீங்கள் மாஸ்டர்ஸ் மாணவியாக இருந்ததாகப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். உங்கள் விண்ணப்பத்தில் அந்தப் பல்கலைக்கழகம் இல்லை. பத்து நாளுக்குள் விளக்கம் அனுப்பவும்."

அவள் அழவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் அப்பவே கேட்டேன்ல" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

இப்படி ஒரு மெயில் வாங்குவதற்குத்தான் 4,800 டாலர் கொடுத்திருக்கிறோம். தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதுகிறேன், வரிசை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலோசனை நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் என் கணவர். இணையத்தில் மட்டும் நடக்கிற, சின்னச் சின்ன வீடியோக்கள் போட்டு ஆள் பிடிக்கிற மெடிக்கல் ஸ்கூல் அட்மிஷன் ஆலோசனைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நிறைய இருக்கிறது. எதைப் பார்த்தால் ஒதுங்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் கதை. அமெரிக்காவில் நான்கு வருட டிகிரி முடித்த பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். மகள் பயாலஜி நல்லபடியாக முடித்தாள். அப்புறம் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் சேர்ந்தாள். இரண்டு செமஸ்டர் நன்றாகவே போனது. அதற்குள் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குத் தன்னார்வ வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். நோயாளிகளை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போகிற வேலைதான். ஆனால் அங்கிருந்து வந்தால் ராத்திரி பத்து மணி வரை அந்தப் பேச்சுதான். மூன்றாவது செமஸ்டர் நடுவில், எனக்கு மெஷினோடு வேலை செய்ய வேண்டாம், மனிதர்களோடு வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படிப்பை விட்டாள். அந்த செமஸ்டரில் எடுத்திருந்த மூன்று பாடத்துக்கும் 'டபிள்யூ' விழுந்தது. விலகினாள் என்று அர்த்தம், பெயில் இல்லை. அவளுடைய பேராசிரியர் கோபப்படவே இல்லை. "டாக்டர் ஆகு, என்னிடம் கடிதம் கேள், எழுதித் தருகிறேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். சொன்னபடியே எழுதினார்.

மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட் பரீட்சையில் 528க்கு 513 வாங்கினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உறுத்திக்கொண்டிருந்தது அந்தப் பாதியில் விட்ட மாஸ்டர்ஸ் மட்டும்தான். எடுத்ததை முடிக்காதவள் என்று கல்லூரிக்காரர்கள் நினைத்துவிடுவார்களோ என்று பயம். உறவுக்காரர்களிடம்கூட நான் "இப்போதைக்குப் பிரேக்" என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், மகளைவிட எனக்குத்தான் அது அவமானமாக இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் அவர்கள் விலை போட்டார்கள்.

பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் ஆலோசகரோடு இருபது நிமிட இலவச வீடியோ கால். முதல் ஐந்து நிமிஷம் ஆங்கிலம். நடுவில் நான் மகளிடம் தமிழில் ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்க தமிழா? முதல்லயே சொல்லக்கூடாதா!" என்றார். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கும். பின்னால் அலமாரியில் புத்தகங்கள், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட ஒரு போட்டோ. நான் "தம்பி, தம்பி" என்று பேச ஆரம்பித்து, பத்தே நிமிஷத்தில் வீட்டு விஷயம் முழுக்கக் கொட்டிவிட்டேன். மாஸ்டர்ஸ் விஷயத்தை நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதையா இவ்ளோ யோசிக்கிறீங்க? முடிக்காத டிகிரி கணக்குலயே வராது ஆன்ட்டி. டிகிரி வாங்கின காலேஜை மட்டும் போட்டா போதும். நான் இந்த மாதிரி நிறைய கேஸ் பார்த்திருக்கேன்."

அந்த நிமிஷம் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. ஒரு வருஷமாக நான் யாரிடமாவது கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். அதனால்தான் குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

மொத்தப் பேக்கேஜ் 5,100 டாலர், இந்த வாரத்துக்குள் கட்டினால் 4,800. கார்டில் வாங்க மாட்டார்களாம், கார்டு கம்பெனி கமிஷன் எடுக்கிறதாம். வங்கிக் கணக்கிலிருந்து போன் நம்பருக்கு நேரடியாக அனுப்பச் சொன்னார். தினசரி வரம்பு இருந்ததால் இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பினேன். இரண்டாவது நாள் அனுப்பும்போது "நீங்கள் அறிந்த நபருக்கு மட்டுமே அனுப்புங்கள்" என்று திரையில் எச்சரிக்கை வந்தது. நம்ம தம்பிதானே என்று அழுத்திவிட்டேன். 4,800 டாலர், நான் எட்டு மாதம் வார இறுதி ஷிப்ட் பார்த்துச் சேர்த்தது.

அதற்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மே மாதம் ஆம்காஸ் விண்ணப்பம் திறந்தது, பல மெடிக்கல் ஸ்கூலுக்கும் சேர்த்துப் போடுகிற பொது விண்ணப்பம் அது. அதில் பர்சனல் ஸ்டேட்மென்ட், ஏன் டாக்டராக வேண்டும் என்று எழுதுகிற கட்டுரை, 5,300 எழுத்துக்குள் இருக்க வேண்டும். மகள் எழுதி அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. இரண்டாவது பத்தியில் "என் தாத்தா பண்ணையில் மயங்கி விழுந்த அந்தக் காலைப்பொழுது" என்று ஒரு வரி. யாருடைய தாத்தா? என் அப்பா பேங்கில் வேலை பார்த்தவர், பண்ணைப் பக்கமே போனதில்லை. வேறு யாரோ ஒரு பிள்ளையின் கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால், "சாம்பிளுக்குப் போட்டது, எடுத்துடுங்க" என்று பதில். அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும்.

பேராசிரியரின் லேபில் செய்த ஆராய்ச்சியை எப்படி எழுத வேண்டும் என்பதையும் அந்தத் தம்பிதான் சொன்னார். 'ரிசர்ச் அனுபவம்' என்று மட்டும் போடு, மாஸ்டர்ஸ் என்ற வார்த்தையே வேண்டாம் என்றார். மகளுக்கு மனசு ஒப்பவில்லை. சப்மிட் பண்ணுவதற்கு முன்னால் ஓர் உறுதிமொழிப் பக்கம் வரும். நான் கொடுத்த தகவல் எல்லாம் முழுமையானது, உண்மையானது என்று ஒப்புக்கொண்டால்தான் மேலே போக முடியும். அதில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் அவரிடம் மறுபடியும் கேட்டாள். பதினான்கு வினாடி வாய்ஸ் மெசேஜ் வந்தது: "முடிக்காததெல்லாம் படிச்சதுல சேராதும்மா, தைரியமா சப்மிட் பண்ணு." பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இப்போது நாங்கள் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆம்காஸ் விண்ணப்பத்தை நடத்துவது ஏ.ஏ.எம்.சி என்கிற அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம். அவர்களுடைய விண்ணப்பதாரர் கையேடு இணையத்தில் இலவசம். அதில் தெளிவாக இருக்கிறது: ஹைஸ்கூலுக்குப் பிறகு ஒரே ஒரு பாடத்துக்குப் பதிவு செய்திருந்தால்கூட அந்தக் கல்லூரியைப் போட வேண்டும். டிகிரி வாங்கினீர்களா என்பது பேச்சே இல்லை. விலகிய பாடங்களையும் போட வேண்டும், அமெரிக்க, கனடியக் கல்லூரிகளிலிருந்து டிரான்ஸ்கிரிப்டும், அதாவது மதிப்பெண் பட்டியலும், வரவழைக்க வேண்டும். அதிலும் எனக்கு வயிறு எரிவது எதில் தெரியுமா? மாஸ்டர்ஸ் மதிப்பெண்ணை அவர்கள் இளநிலைச் சராசரி மதிப்பெண்ணோடு (ஜி.பி.ஏ) கலப்பதே இல்லை, தனி வரியாகத்தான் காட்டுவார்கள். இரண்டு செமஸ்டர் நல்ல மார்க், மூன்று டபிள்யூ, கூடவே பேராசிரியரின் நல்ல கடிதம். ஏன் விட்டாய் என்று இன்டர்வியூவில் கேட்டிருப்பார்கள், ஆஸ்பத்திரி வேலையைப் பற்றி அவள் சொல்லியிருப்பாள். மறைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஆனால் மறைத்தால் கதை வேறு. விண்ணப்பத்தில் முரண்பாடு என்று புகார் போனால் ஏ.ஏ.எம்.சி விசாரிக்கும். அந்த அறிக்கை விண்ணப்பித்த கல்லூரிகளுக்குப் போகலாம். நாங்கள் போட்டது 18 கல்லூரி.

மெயில் வந்த அன்றைக்கே அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் அலுவலக எண்ணில் ஒரு பெண் எடுத்து, உங்கள் புகாருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம், 48 மணி நேரத்தில் கூப்பிடுவார்கள் என்றார். 48 மணி நேரமும் போனது, யாரும் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டால் வேறொருவர், பழைய டிக்கெட்டை மூடிவிட்டார்கள், புதிதாகப் போடுகிறேன் என்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி அவரே மெயில் அனுப்பினார். முழுக்க ஆங்கிலம். ஆன்ட்டி போய் 'மேடம்' ஆகியிருந்தது. "நாங்கள் பொதுவான வழிகாட்டல் மட்டுமே தருகிறோம், விண்ணப்பத்தில் உள்ள தகவலுக்கு மாணவியே பொறுப்பு, ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவைப் பார்க்கவும்." வாய்ஸ் மெசேஜைத் திருப்பி அனுப்பினேன். அது தனிப்பட்ட கருத்தாம்.

சரி, பணத்தையாவது கொடுங்கள் என்றேன். சப்மிட் ஆனதும் சேவை முடிந்துவிட்டதாம். மூன்று பயிற்சி இன்டர்வியூ தருவதாகச் சொன்னீர்களே, ஒன்றுகூட நடக்கவில்லையே என்றால், உண்மையான இன்டர்வியூ அழைப்பு வந்தால்தான் அது உண்டு என்கிறார்கள். 4,800 டாலருக்கு எங்களுக்குக் கிடைத்தது யாரோ ஒருவருடைய தாத்தாவும் பதினான்கு வினாடி வாய்ஸ் மெசேஜும்தான். வங்கியில் கேட்டேன். நீங்களே அழுத்தி அனுப்பியது, எங்களால் திரும்ப எடுக்க முடியாது என்று கை விரித்துவிட்டார்கள். கார்டில் கட்டியிருந்தால் புகார் கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார் கவுன்ட்டரில் இருந்த பையன்.

இது போக விண்ணப்பக் கட்டணம். முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் நாற்பது சொச்சம், 18 கல்லூரிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம். கல்லூரிகள் தனித்தனியாகக் கேட்கிற இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்குக் கட்டணம் தனி. இந்த வருஷம் போய்விட்டால் எம்கேட் மதிப்பெண்ணும் பழையதாகும், இரண்டு மூன்று வருஷத்துக்கு மேற்பட்டதைப் பல கல்லூரிகள் எடுப்பதில்லை. அவளுடைய வயசும் சேர்ந்துதானே போகிறது.

சனிக்கிழமை மகள் தான் இளநிலை படித்த கல்லூரியின் பிரீ-ஹெல்த் ஆலோசகருக்கு, மெடிக்கல் ஸ்கூல் போகிற மாணவர்களுக்கு வழிகாட்டுகிறவருக்கு, எழுதினாள். பழைய மாணவர்களுக்கும் இலவசமாம், எங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்று காலை அந்த அம்மா போனில் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: எதையும் ஜோடிக்காதே, நடந்ததை நடந்தபடி எழுது, டிரான்ஸ்கிரிப்டை உடனே வரவழை, கல்லூரி கேட்பதற்குக் காத்திருக்காமல் ஆம்காஸுக்கும் நீயே எழுது. மாஸ்டர்ஸை ஒழுங்காக விலகி வந்தாய் என்று துறையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவை என்றும் சொன்னார். ஒரு பைசா வாங்கவில்லை. அவரை நாங்கள் பிப்ரவரியிலேயே கூப்பிட்டிருந்தால்!

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். எதையாவது விட்டுவிடு, மறைத்துவிடு என்று ஒருவர் சொன்னால் அப்போதே போனை வைத்துவிடுங்கள். கார்டு வேண்டாம் என்றால் பணம் கட்டாதீர்கள். முக்கியமான பதிலை எழுத்தில் வாங்குங்கள். கையேட்டைப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். தமிழ் பேசுகிறார் என்பதற்காக நம்பாதீர்கள், இதை எழுதும்போது எனக்கே வலிக்கிறது. பிள்ளை "எனக்கு மனசு ஒப்பல" என்று சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மெடிக்கல் ஸ்கூல் கொடுத்த பத்து நாளில் ஆறு நாள் போய்விட்டது. 4,800 டாலருக்கு நுகர்வோர் புகார் எழுதி வைத்திருக்கிறேன், காலையில் அனுப்பணும். அவள் அடுத்த அறையில் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள், நான்காவது முறையாக. டிரான்ஸ்கிரிப்டுக்குக் கட்ட என் கார்டைக் கேட்டுக் கூப்பிடுகிறாள், போகிறேன்.