கடலூர்க் காற்றில் மூன்றரை வருட மரவேலை: நாலு உளி, ஒரு சாணைக்கல், பலாப்பலகை

அம்மாவுக்கு முட்டிவலி வந்த வருடம் அது. சம்மணம் போட்டு உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கியே பழகியவர். மேசையில் வைத்துக் கத்தியால் நறுக்கச் சொன்னால் கை ஓடவில்லை. "அரை அடி உசரத்துல உக்கார ஒரு மணைக்கட்டை இருந்தா போதும்" என்றார். கடையில் கிடைத்ததெல்லாம் பிளாஸ்டிக். 2021 ஜூனில் அந்த ஒரு மணைக்கட்டைக்காகத்தான் முதன்முதலில் ரம்பத்தைக் கையில் எடுத்தேன். அது இன்றும் சமையலறையில் ஆடாமல் நிற்கிறது. அதன் பிறகு அலமாரித் தட்டுகள், ஒரு அஞ்சறைப் பெட்டி, சாமி மாடம், அக்கா மகனுக்கு நடைவண்டி என்று வேலை வளர்ந்துகொண்டே போனது.

நான் மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மரவேலைக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையும் வாரத்தில் இரண்டு சாயங்காலமும்தான். இடம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆறடிக்கு எட்டடி. அங்கிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை சைக்கிள் மிதிக்கும் தூரம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. வாங்கிய கருவிகளும் மரமும் இத்தனை நாள் எப்படி உழைத்தன என்பதில் பாதி அந்தக் கடல் காற்றின் கதை.

முதலில் நான் வாங்கியது மின்சாரக் கருவிகள். ஒரு டிரில்லிங் மிஷின், பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் ஒரு ஜிக்சா. டிரில் நன்றாக உழைக்கிறது, அதைப் பற்றிக் குறையே இல்லை. ஜிக்சாவைப் பரணில் போட்டு இரண்டரை வருடம் ஆகிறது. விலை மலிவான மாடல் அது. முக்கால் அங்குலப் பலகையில் விட்டால் மேலே கோட்டில் போகும் பிளேடு கீழே சாய்ந்து போய்விடும். வெட்டின முகத்தைச் சமன் செய்ய, கையால் அறுப்பதைவிட அதிக நேரம் ஆனது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வேறு. சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தச் சத்தத்தைப் போட எனக்கே மனசு வரவில்லை.

கைக்கருவிக்குத் திரும்ப வைத்தவர் திருப்பாப்புலியூரில் கதவு, ஜன்னல் செய்யும் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். மணைக்கட்டைக்குக் கால் சரியாகப் பொருந்தவில்லை என்று அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் உளியை வாங்கிக் கட்டைவிரலில் தடவிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது உளி இல்ல, இரும்புத் துண்டு. தீட்டாம வேலை செஞ்சியா?" என்றார். கடையிலிருந்து வருகிற உளி தீட்டியே வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நான் வாங்கியது ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலத்தில் நாலு உளி. சாணைக்கல் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழுவழுப்புமாக இருக்கும் சாதாரணக் கல். முதலில் உளியின் பின்பக்கத்தை, வாயிலிருந்து ஓர் அங்குலம் வரைக்கும், கல்லில் படுக்க வைத்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். ஒவ்வோர் உளிக்கும் முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆனால் அது வாழ்நாளில் ஒருமுறை செய்கிற வேலை. அடுத்து, சரிவான பக்கத்தை இருபத்தைந்து முதல் முப்பது டிகிரிக்குள் பிடித்துத் தீட்ட வேண்டும். பின்பக்கத்தில் விரலை வைத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். பிசிறு வாயின் முழு அகலத்துக்கும் எழுந்த பிறகே கல்லைத் திருப்பி வழுவழுப்பான பக்கத்துக்குப் போகலாம். அதற்கு முன்னால் திருப்பினால் எத்தனை நேரம் தேய்த்தாலும் கூர் வராது. எனக்கு இது பிடிபட இரண்டு மாதம் ஆனது. கூர் வந்துவிட்டதா என்று பார்க்க, மென்மையான மரத்தின் வெட்டுமுனையை (குறுக்கே அறுத்த முகத்தை) உளியால் சீவிப் பார்ப்பேன். நொறுங்காமல் பளபளவென்று சீவல் வந்தால் சரி.

அந்தக் கல்லும் தேயும். நடுவில் குழி விழுந்துவிட்டால் உளியின் வாய் வளைந்துவிடும். மாதம் ஒருமுறை தடித்த கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்துக் கல்லை அதில் தேய்த்துச் சமன் செய்கிறேன். வாங்கியதில் விலை குறைவான பொருள் அந்தக் கல். மற்ற எல்லாக் கருவியும் அதை நம்பித்தான் இருக்கிறது.

ரம்பத்தில் எனக்குத் தெரியாமல் இருந்தது பல்லின் அளவு. முதலில் எடுத்தது பெரிய பல் கொண்ட நீளமான கைரம்பம். பலகையை நீளவாக்கில் பிளக்க அது சரி. பொருத்துக்கு அறுக்கும்போது ஓரமெல்லாம் சிராய் சிராயாகப் பிய்ந்தது. முதுகில் பட்டை வைத்த, பொடிப்பல் உள்ள சின்ன ரம்பம் வாங்கிய பிறகுதான் கோட்டில் அறுக்க முடிந்தது. அப்போதும் அழுத்தி அறுத்துக்கொண்டிருந்தேன். "அழுத்தாத பாப்பா, அது பாரத்துலயே போவும். நீ வழி மட்டும் காட்டு" என்று பெரியவர் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். பல் மழுங்கினால் முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவவும் அவர்தான் கற்றுக் கொடுத்தார்.

பலகையைச் சீவிச் சமமாக்கும் இழைப்புளி என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று இரும்பு, புதிதாக வாங்கியது. இன்னொன்று மரம். புதுச்சேரியில் ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலுக்குள் கிடந்தது, முந்நூறு ரூபாய். கருவி ஒன்றுதான், ஆனால் கடல் காற்று இரண்டையும் வேறு வேறு விதமாகப் படுத்துகிறது. இரும்பு இழைப்புளியை முதல் ஐப்பசியில் துடைக்காமல் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தேன், அடிப்பாகம் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெய் தோய்த்த துணியால் எல்லா இரும்பையும் ஒருமுறை துடைத்துவிடுகிறேன். கருவிப் பெட்டிக்குள் இரண்டு கற்பூர வில்லை போட்டு வைக்கிறேன். துருப் பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. மர இழைப்புளிக்கு அலகைத் தவிரத் துருப்பிடிக்க ஒன்றும் கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் உடம்பு ஊதி, அலகைப் பிடித்து நிறுத்தும் ஆப்பு இறுகிக்கொள்ளும். பின்பக்கத்தைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) நாலு தட்டுத் தட்டினால் இளகிவிடுகிறது. பழகிய பிறகு என் கை தானாக அந்த மர இழைப்புளியைத்தான் தேடுகிறது. எடை குறைவு, பலகையில் வழுக்கிக்கொண்டு ஓடும், சீவும்போது வருகிற சத்தமும் இதமானது.

இனி மரம். எங்கள் பெரியப்பா வீடு பண்ருட்டி பக்கம், காடாம்புலியூர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது அந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. பெரியப்பா வீட்டுக் கொல்லையில் விழுந்த ஒரு பலாவை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து மாட்டுக் கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்திருந்தார்கள். என்றாவது கதவு செய்யலாம் என்று வைத்தது, பத்து வருடம் அப்படியே கிடந்தது. நான் மணைக்கட்டை செய்யப்போகிறேன் என்றதும் பெரியப்பா இரண்டு பலகையை பஸ் மேலே கட்டி அனுப்பினார். என்னுடைய முதல் மரம் அதுதான். எவ்வளவு நல்ல மரம் கையில் கிடைத்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

புதிதாகப் பழக பலாவைப் போல ஒரு மரம் இல்லை என்றே சொல்வேன். உளிக்கு இணங்கும், ஆனால் புட்டு மாதிரி உதிராது. வீணைக்குடம் குடைவதும் பலாவில்தான். மிருதங்கம் செய்பவர்கள் பண்ருட்டிப் பலாவைத் தேடி வாங்குகிறார்கள். புதிதாக இழைக்கும்போது மஞ்சளாக இருக்கும், அந்த மஞ்சள் விரலிலும் ஏறும். நாள் போகப் போகத் தேன் நிறமாகி, அப்புறம் பழுப்பாக ஆழ்ந்துவிடும். என் மணைக்கட்டை இப்போது கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கிறது. தேக்கும் நல்ல மரம்தான். விலை ஒரு பக்கம் இருக்க, அதில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், தீட்டப் பழகாதவர்களுக்குச் சிரமம். வேம்பில் நார் குறுக்கும் மறுக்குமாக ஓடும், இழைத்தால் ஓரிடத்தில் வழுக்கும், அடுத்த இடத்தில் பிய்யும்.

மரவாடியில் வாங்கும்போது வெளிறு அதிகம் உள்ள பலகையைத் தள்ளிவிடுங்கள். ஓரத்தில் வெளுத்துத் தெரிகிற அந்தப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும், உளுவண்டு முதலில் தின்பது அதைத்தான். என் முதல் அலமாரித் தட்டுக்கு அடியில் ஒருநாள் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தது. ஓரத்து இரண்டு அங்குல வெளிறு மட்டும் பொடித்துளையாகச் சல்லடை ஆகியிருந்தது, உள்ளே கெட்டியான நடுமரம், அதாவது வைரம், அப்படியே இருந்தது. சும்மா கிடைக்கும் பேக்கிங் பெட்டிப் பலகையிலும் பழகலாம். ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியானால் மேலே முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூடாக்கிப் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, நான் தொடுவதில்லை.

அஞ்சறைப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 மே மாதம் அக்காவுக்காகச் செய்தேன். காடி (மூடி ஓடுகிற பள்ளம்) வெட்டி, இழுத்துத் திறக்கும் பலகை மூடி. மூடி கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் காடிக்குள் போய் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பலகை மரவாடியில் புதிதாக வாங்கிய பலா. கார்த்திகையில் அக்கா போன் செய்து, "மூடி வரவே மாட்டேங்குதுடி, கடுகு எடுக்க முடியல" என்றாள். போய்ப் பார்த்தேன். மூடி அகலவாக்கில் ஊதி இரண்டு பக்கக் காடியையும் நெட்டிக்கொண்டிருந்தது, ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. மனசு உடைந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

பெரியவரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்த மாசம் செஞ்ச?" சித்திரை வெயிலில் செய்தேன் என்றதும் தலையை ஆட்டினார். மரம் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் அசைவு அநேகமாகத் தெரியாது. அகலவாக்கில்தான் ஊதுவதும் சுருங்குவதும். அதிலும் மரத்தின் வயது வளையங்களின் போக்கில் வருகிற அசைவு, நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் திசையில் வருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் காற்றையே நனைத்து வைக்கிறது. அப்புறம் அக்னி நட்சத்திரம் வந்து காய்ச்சி எடுக்கிறது. ஒன்றரை அடி அகலமான பலகை இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று, நாலு மில்லிமீட்டர் விரிந்து சுருங்குவதை நானே பென்சில் குறி வைத்து அளந்திருக்கிறேன். கோடையில் செய்யும் மூடிக்கு விளிம்பில் இடம் விட வேண்டும், மழையில் செய்வதானால் இறுக்கமாகவே வைக்கலாம். மேசைப் பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் முடுக்கும்போது ஓட்டையை நீள்வட்டமாகப் போட வேண்டும். கோந்து போட்டு அகலவாக்கில் அடைத்துவிட்டால் பலகை எங்காவது பிளந்து தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

அதே மழையில் அம்மாவின் மணைக்கட்டை ஒரு நூல்கூட நகரவில்லை. அதன் அகலம் குறைவு என்பது ஒன்று. பத்து வருடம் இந்தப் பக்கத்து வெயிலையும் மழையையும் பார்த்துக் காய்ந்து அடங்கிய மரம் என்பது அதைவிடப் பெரிய காரணம். புதிய பலகை என்றால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் என் பின்கட்டில் இருந்த பிறகுதான் இப்போது அறுக்கிறேன்.

காயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023இல் பலகையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளினேன், நழுவி இடது பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. மூன்று தையல். உளியின் வாய்க்கு முன்னால் எந்தக் கையும் இருக்கக் கூடாது, பலகையைக் கிளாம்ப்தான் பிடித்திருக்க வேண்டும். கருவிக்குச் செலவழிக்கும் முன் இரண்டு நல்ல கிளாம்ப் வாங்குங்கள். உப்புத்தாள் போடும்போது மாஸ்க் கட்டாயம், தேக்குத் தூள் சிலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் கொடுக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்குங்கள்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் கொட்டிய மழை எல்லோருக்கும் தெரியும், எங்கள் பக்கமும் தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்தது. பின்கட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். கருவிப் பெட்டியை முன்னாலேயே பரணில் ஏற்றியிருந்தேன். நாலு உளியையும் எடுத்துப் பார்த்தேன், எண்ணெய்த் துணியில் சுற்றியது சுற்றியபடி, துரு இல்லை. இழைப்புளியின் ஆப்பு வழக்கம்போல இறுகியிருந்தது. அக்கா வீட்டில் புதிதாக மாற்றிக் கொடுத்த அஞ்சறைப் பெட்டி மூடி அந்த வாரமும் திறந்தது.

புயலில் தெருமுனை வீட்டுப் பலா விழுந்துவிட்டது. அந்த வீட்டு அண்ணனிடம் கேட்டு அடிமரத்தை மில்லுக்குக் கொண்டுபோய் இரண்டு அங்குல கனத்தில் ஐந்து பலகையாக அறுத்து வாங்கியிருக்கிறேன். வெட்டுமுனைகளுக்குப் பெயிண்ட் அடித்து, நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்துக் காற்றோட்டமாக அடுக்கியாயிற்று. ஓர் அங்குல கனம் காய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஒவ்வொரு பலகையின் முனையிலும் பென்சிலால் தேதி போட்டிருக்கிறேன். பலகை காய்ந்து முடியும்போது நடைவண்டி ஓட்டிய பையனுக்குப் பள்ளிக்கூட வயது வந்திருக்கும், அவனுக்கு ஒரு சாய்வு மேசை செய்வதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.