ஏடிடைனி 85: சிப் தூங்குகிறது, போர்டு தூங்கவில்லை

அப்பா தோட்டத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம், ஐந்து மணிக்கே எழுந்து டார்ச்லைட்டோடு பின்பக்கம் போய், ஏணியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். டங் என்றால் காலி, தொப் என்றால் இருக்கிறது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மழையில் வழுக்கும் ஏணி, 68 வயது, சரி வராது என்று, தண்ணீர் குறைந்தால் கத்துகிற ஒரு கருவி செய்ய இறங்கினேன். தொட்டிப் பக்கம் பிளக் இல்லை. இருந்திருந்தாலும் இங்கே விழும் சாயங்கால இடிக்கு அடாப்டரை நம்ப முடியாது. அதனால் பேட்டரிதான்.

முதலில் ஆன்லைனில் வாங்கியது ஏடிடைனி 85 (ப்ரோகிராம் ஏற்றி ஓட்டும் குட்டி கம்ப்யூட்டர் சிப்) வைத்த சின்ன போர்டு, 9 வெள்ளி (ரிங்கிட்). யூஎஸ்பி முனை போர்டிலேயே இருக்கிறது, கம்ப்யூட்டரில் செருகினால் ப்ரோகிராம் ஏறிவிடும். அந்தச் சுகத்தில் மயங்கிவிட்டேன். மூன்று ஏஏ பேட்டரி போட்டு மாட்டியது பத்தாம் நாள் செத்துவிட்டது. "சுவர்க் கடிகாரம் ஒரே பேட்டரியில ஒரு வருசம் ஓடுது, உன்னுது என்னடா?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி.

மல்ட்டிமீட்டரை இடையில் வைத்துப் பார்த்தால், சிப் வேலையில்லாமல் தூங்கும்போதே 9 மில்லிஆம்ப் போகிறது. சிப் மேல் குற்றமில்லை. சிவப்பு எல்இடி இரவு பகலாக எரிகிறது, வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் தன் பங்குக்கு உறிஞ்சுகிறது, யூஎஸ்பிக்காக வைத்த ரெசிஸ்டர் இன்னொரு பக்கம். வீட்டுக்காரர் தூங்கிவிட்டார், விருந்தாளிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு சீட்டாடுகிறார்கள்.

அப்புறம் ஈப்போவில் ஒரு கடையில் வெறும் சிப்பையே வாங்கினேன், 11 வெள்ளி. போர்டைவிட விலை கூட, அது எப்படி என்று கேட்காதீர்கள். எட்டுக் கால், ப்ரோகிராம் தங்க 8 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ரேம். என் ப்ரோகிராம் ஒரு கிலோபைட்டைக்கூடத் தொடவில்லை. வாங்கும்போது பெயரின் கடைசியில் 'வி' இருக்கிறதா என்று பாருங்கள்; அது 1.8 வோல்ட் வரை ஓடும், மற்றது 2.7 வரைதான், அதாவது இரண்டு ஏஏ பேட்டரி பாதி தீர்ந்ததுமே தகராறு.

ப்ரோகிராம் ஏற்றுவதுதான் தலைவலி. ஆர்டுயினோ உனோ என்ற இன்னொரு போர்டை நடுவில் வைத்து ஏற்ற வேண்டும், உனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட வேண்டும். அதை மறந்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

ஆனால் தூக்கம் என்றால் அதுதான் தூக்கம். சிப்புக்குள்ளேயே அலாரம் மாதிரி இருக்கும் வாட்ச்டாக் டைமர் அதிகபட்சம் 8 விநாடிக்கு ஒருமுறை எழுப்பும். 75 தடவை எண்ணிவிட்டு, அதாவது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். வோல்ட்டை அளந்து எண்ணாக்கும் ஏடிசி என்ற பகுதியை அணைக்க மறந்தபோது 200 மைக்ரோஆம்புக்கு மேல் காட்டிய மீட்டர், அணைத்ததும் 5-க்கு இறங்கியது. 2000 மில்லிஆம்ப்-மணி பேட்டரிக்குக் கணக்குப் போட்டால் 45 வருடம் வருகிறது. அதற்குள் பேட்டரியே ஒழுகிவிடும், அது வேறு கதை.

தண்ணீர் இருக்கிறதா என்று அறிய அதில் தொடும் இரண்டு முனைக்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணி போட்டேன், அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் விடுகிறேன். முன்பு செம்புக் கம்பியில் எந்நேரமும் விட்டு அது பச்சை பிடித்துப் போனது. பெட்டியின் ஓட்டையை சிலிகானால் அடைத்துவிடுங்கள், எனக்கு எறும்பு குடிவந்துவிட்டது.

காசுதான் முக்கியம் என்றால் சிஎச்32வி003 இருக்கிறது, பத்து அமெரிக்க சென் சிப் என்று பெயர் வாங்கியது, 32 பிட், 16 கிலோபைட் ஃபிளாஷ். ஆயிரம் கருவி செய்பவருக்கு அதுதான். ஒன்று இரண்டு செய்கிற எனக்கு, அதற்குத் தனி ப்ரோகிராமர் வாங்கி, அந்தப் பொடிக் கால்களைச் சால்டர் செய்யப் பொறுமை இல்லை.

ஏழு மாதமாக அதே பேட்டரி. என் மதிப்பெண்: போர்டுக்கு ஐந்தில் இரண்டு, வெறும் சிப்புக்கு நாலரை. ஆட்டுக் கொட்டகைக் கதவுக்கும் ஒன்று வேண்டும் என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார், இந்தத் தடவை ஐந்தாக வாங்கப் போகிறேன்.