லாங் பஜார் சந்துல இருக்கற கடைசல் பட்டறை: பழைய பைப்ப நம்பி குடுக்கலாம்

வேலூர்ல புகை பிடிக்கிற பழைய மர பைப்ப யாருகிட்ட குடுத்து சரி பண்றதுன்னு தேடறவங்களுக்காக எழுதறேன். லாங் பஜார்ல இருந்து பிரியற ஒரு சந்துல சின்ன கடைசல் பட்டறை இருக்குது, போர்டு கிடையாது, வாசல்ல கட்டில் காலும் சப்பாத்தி கட்டையும் அடுக்கி வச்சிருப்பாங்க, அதான் அடையாளம்.

நான் எடுத்துக்கினு போனது எங்க தாத்தாவோட பைப்பு. அவரு பட்டாளத்துல இருந்தவரு. கம்மவான்பேட்டை மாதிரி ஊருங்கள்ல வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரங்க இருக்கறதால இந்த மாதிரி சாமான் நம்ம பக்கம் நெறைய பீரோவுல தூங்கிக்கினு இருக்கும். புகையிலை போடற கிண்ணத்துக்குள்ள கரி ஏறி சுண்டு விரல் கூட நுழையல, விளிம்பு பூரா தார் படிஞ்சி கருப்பு, தண்டுல மயிரிழை விரிசல், வாயில வைக்கிற எபோனைட்ங்கற கெட்டி ரப்பர் குழாய் பச்சையும் பழுப்புமா நிறம் மாறி மேல பல்லு தடம் வேற. மொதல்ல ஒரு ஃபர்னிச்சர் கடையில காட்டினேன், நல்லா தேய்ச்சி வார்னிஷ் அடிச்சிட்டா புதுசாயிடும்னாங்க. இந்த பட்டறைக்கார பாய்கிட்ட அதையே கேட்டா, "நெருப்பு வைக்கிற சாமான் தம்பி, வார்னிஷ் சூட்டுல கொப்பளிச்சிடும், மரம் மூச்சு விட வேணாமா?"ன்னாரு. அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சி.

நல்ல பைப்பு எல்லாம் பிரையர்ங்கற மரத்துல செய்யறது, மத்தியதரைக்கடல் ஓரத்துல வளர்ற ஒரு புதரோட வேர் முண்டு, சூடு தாங்கும், லேசுல கருகாது. பிரான்ஸ்ல சான் க்ளோத்ங்கற ஊரே இந்த தொழிலுக்கு பேர் போனது. பாய் ஈரத்துணியால ஒரு ஓரத்தை தொடைச்சி வெளிச்சத்துல திருப்பி காட்டினப்ப பொட்டு பொட்டா ரேகை தெரிஞ்சிது பாருங்க, இத்தனை வருஷம் வீட்டுலயே இருந்தும் நான் அதை பாத்ததே இல்ல.

கரியை கத்தி விட்டு நோண்டல. குச்சியில உப்புத்தாள் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா திருகி எடுத்தாரு, அதுவும் முழுசா இல்ல, காசு கனத்துக்கு விட்டுட்டாரு, அந்த கரி தான் மரத்துக்கு காப்பாம். அப்புறம் கிண்ணத்துல கல்லு உப்பு ரொப்பி ஐசோப்ரொப்பைல் ஸ்பிரிட் ஊத்தி ராத்திரி பூரா வச்சிட்டாரு, காலைல உப்பு காபித்தூள் கலர்ல இருந்துச்சி, பழைய புகையிலை நாத்தம் முக்காவாசி அதுலயே போயிடுச்சி. பட்டறையில பாலிஷுக்கு வச்சிருக்கற ஸ்பிரிட் பக்கத்துலயே இருந்தும் அதை தொடல, அது விஷம், வாயில வைக்கிற சாமானுக்கு ஆகாதுன்னு மெடிக்கல்ல வாங்கி வரச் சொன்னாரு. கிண்ணத்துல இருந்த நெளிவுக்கு ஈரத்துணி வச்சி இஸ்திரி பொட்டி முனையால ஒத்தடம், ஆவியில மரம் உப்பி பள்ளம் மேல வந்துடுச்சி. விரிசலுக்கு பசை வச்சி பித்தளை பூண் போட்டிருக்காரு, அளவு எடுத்து அவரே கடைஞ்சது, நகத்தால தடவினா கூட விளிம்பு தட்டல.

எபோனைட் குழாய தண்ணி தொட்டு தொட்டு 400ல ஆரம்பிச்சி 2000 நம்பர் தாள் வரைக்கும் தேய்ச்சாரு, ரப்பர்ல கந்தகம் கலந்து செய்யறதால தேய்க்கும்போது கந்தக வாடை குப்புன்னு அடிக்குது. பல்லு தடம் லேசா சூடு காட்டினதுல பாதி எழும்பிடுச்சி, ஆழமா இருந்த ஒண்ணு மட்டும் இன்னும் தெரியுது. தேய்ச்சி எடுத்தா குழாய் மெலிஞ்சிடும்னாரு, விட்டுடுங்க பாய்னு சொல்லிட்டேன், அது தாத்தா பல்லு தானே.

கடைசியா கார்னாபாங்கற பனை இலை மெழுகு, பாலிஷ் சக்கரத்துல. ‘லண்டன் மேட்’னு தண்டுல இருக்கற முத்திரை மேல மட்டும் சக்கரத்த விடாம கையால துணி போட்டு தேய்ச்சாரு, இல்லன்னா எழுத்து அழிஞ்சிடும்.

குறைன்னு பாத்தா சொன்ன தேதிக்கு கைக்கு வராது, கல்யாண சீசன்ல கட்டில் வேலை வந்துட்டா நம்மளது பின்னாடி போயிடும். பில்லு கிடையாது. பூணோட சேத்து 900 ரூபாய் வாங்கினாரு, அந்த வேலைக்கு இது கம்மின்னு தான் சொல்லுவேன்.

குடுக்கறவங்க வீட்டுல குழாய திருகி பிரிக்க பாக்காதீங்க, பழசு இறுகி இருக்கும், முனை உள்ளயே முறிஞ்சிடும், அப்படியே எடுத்துக்கினு போங்க. வெள்ளிக்கிழமை மதியம் கடை சாத்தி இருக்கும்.