மார்த்தாண்டத்து ஞாயிறு வகுப்பும் 'புட்' என்னும் வினையும்

வெளிநாட்டில் செவிலியராகப் பணிபுரிவதற்கான ஓ.இ.டி. என்னும் ஆங்கிலத் தேர்வுக்காக, மார்த்தாண்டத்தில் ஒரு மாடியறையில் நடைபெறும் ஞாயிறு ஆங்கில வகுப்பில் மூன்று மாதம் படித்தேன். களியக்காவிளையிலிருந்தும் கேரள எல்லை தாண்டிப் பாறசாலையிலிருந்தும் பலர் வந்தனர். கடிதப் பயிற்சியும் வாசிப்புப் பயிற்சியும் எங்கும் கிடைப்பவைதாம். எளிய வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டியதும் பொருள் வேறாகிவிடும் தொடர்களை அங்கே கற்பித்த முறையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதல் நாள் ஆசிரியை பலகையில் 'புட் ஆஃப்' என்று எழுதி, பொருளைச் சொல்லாமல், கல்யாணத் தேதி மாறினால் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். 'தள்ளிப்போட்டார்கள்' என்றோம் நாங்கள். 'மாற்றிவச்சு' என்று மலையாளத்தில் சொன்னார் பாறசாலைத் தோழி. "நமக்குப் போடுவதும் வைப்பதும் இருக்கும்போது ஆங்கிலக்காரனின் 'புட்' மட்டும் என்ன அதிசயம், மக்களே?" என்றார் டீச்சர். பள்ளியில் நெட்டுருப் போட்டு (இங்கும் ஒரு 'போடு'!) மறந்தவை அன்றுதான் பிடிபட்டன.

ஆயினும் இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. பேச்சுத் தேர்வில் தலா 5 நிமிட அளவில் 2 உரையாடல்கள் உண்டு. நோயாளியாக ஒருவர் நடிப்பார். பயிற்சியில் டீச்சர் இடுப்பைப் பிடித்தபடி, 'ஐ ஹேவ் புட் மை பேக் அவுட்' என்றார். அவர் ஏதோ பையை வெளியே வைத்துவிட்டதாக எண்ணி நான் கதவைப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது என்பதே பொருளாம். 'பாஸ் அவுட்' இன்னும் வேடிக்கை: நாம் கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆனதாகப் பெருமையாகச் சொல்வோம்; பிரிட்டிஷ் நோயாளிக்கோ பெரும்பாலும் அது மயங்கி விழுந்த செய்தி.

குறையும் உண்டு. ஜெராக்ஸ் தாளின் இரண்டாம் பக்கத்தில் 'புட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்' இரண்டையும் ஒரே தலைப்பில் அடுக்கியிருந்தனர். 'இட்' போன்ற சிறு சொல் முன்னதில் நடுவே புகுந்து 'புட் இட் ஆஃப்' ஆகும். பின்னதில் அப்படிப் புகாது. இந்த வேறுபாடு தாளில் இல்லாததால், நோயாளியைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் வாரக்கணக்கில் 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சுட்டிக்காட்டியபோது டீச்சர் தயங்காமல் பேனாவால் திருத்தினார். ஆனால் அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்த தாளும் பழைய தாளின் நகலாகவே இருந்தது. சேர விரும்புவோர் அந்த இரண்டாம் பக்கத்தை முதலிலேயே திருத்தி வாங்கிக்கொள்ளவும்.